ஏ.எஃப்.பி. அளவைத் தனியாகப் படிக்கக் கூடாது

கல்லீரல் புற்றுநோயைத் தேட உதவும் ஏ.எஃப்.பி. போன்ற ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அறிக்கையை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "நார்மல்தானே?" அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல என்னால் முடிவதில்லை. ஏ.எஃப்.பி. 12 என்ற அதே அளவு ஒருவருக்கு நிம்மதி தரும் செய்தியாகவும், இன்னொருவருக்குத் தாமதிக்காமல் சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டிய எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும். அந்த ரத்தம் யாருடையது, அவருடைய கல்லீரல் ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு முன் அதே பரிசோதனை என்ன காட்டியது என்பவை தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல இயலாது. இப்படி நோயைச் சுட்டும் ரத்தப் பொருள்களான குறிப்பான்களைப் பற்றி இணையத்தில் எழுதப்படுபவற்றில் இந்த அடிப்படை பெரும்பாலும் விடுபட்டுப் போவதால், அதை விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில செய்திகள். உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,66,000 பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 7,58,000 பேர் அந்நோயால் இறந்தனர். இவ்விரண்டு எண்களுக்கும் இடையே இவ்வளவு குறைந்த வேறுபாடு இருப்பதற்குக் காரணம், பெரும்பாலோருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது என்பதுதான். கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை; கட்டி அதன் உறையை அழுத்தும்வரையிலோ, பித்தக்குழாயை அடைக்கும்வரையிலோ நோயாளி எதையும் உணர்வதில்லை. ஆனால் இந்த நோய்க்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. பெரும்பாலான பிற புற்றுநோய்களைப் போல இது யாருக்கு வரும் என்று தெரியாமல் வருவதில்லை. கல்லீரல் செல்லிலிருந்தே தோன்றும் ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா என்னும் முதன்மை வகை, பெரும்பாலும் சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களிடமோ, ஹெபடைடிஸ் பி வைரஸ் நெடுங்காலமாக உடலில் தங்கியிருப்பவர்களிடமோதான் உருவாகிறது. யாரைக் கவனிக்கவேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் ரத்தத்தில் ஒரு குறிப்பானைத் தேடுவதற்கு இங்கே பொருள் இருக்கிறது.

அந்தக் குறிப்பான்களில் மூத்தது ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், சுருக்கமாக ஏ.எஃப்.பி. கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரலும் கருவுணவுப் பையும் இதை ஏராளமாகச் சுரக்கின்றன. பிறந்த பிறகு அதன் இடத்தை ஆல்புமின் எடுத்துக்கொள்ள, ஏ.எஃப்.பி. படிப்படியாகக் குறைந்து, ஏறத்தாழ ஒரு வயதுக்குள் பெரியவர்களின் அளவுக்கு, அதாவது மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த கார்ரி அபெலெவ், கல்லீரல் கட்டி உள்ள எலிகளின் ரத்தத்தில் இந்தக் கருக்காலப் புரதம் மீண்டும் தோன்றுவதை 1963-இல் கண்டறிந்தார். மறு ஆண்டே யூரி தத்தாரினோவ் மனித நோயாளியின் ரத்தத்தில் அதைக் காட்டினார். முதிர்ந்த செல் புற்றுநோயாக மாறும்போது, பல ஆண்டுகளுக்கு முன் அணைத்துவைத்த ஒரு மரபணுவை மறுபடியும் இயக்குகிறது என்ற கருத்துக்கு அது வலுவான சான்றாக அமைந்தது. இன்றளவும் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் கல்லீரல் குறிப்பான் இதுவே.

ஆனால் ஏ.எஃப்.பி. புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. கர்ப்பத்தில் அது இயல்பாகவே உயர்கிறது. விதைப்பையிலும் சினைப்பையிலும் தோன்றும் சில வகைக் கட்டிகளிலும், சில இரைப்பைப் புற்றுநோய்களிலும் உயர்வதுண்டு. இவை எல்லாவற்றையும் விட நடைமுறையில் குழப்பம் தருவது, வைரஸால் வீக்கம் கண்ட கல்லீரல் தன் இழந்த செல்களை மீண்டும் வளர்த்துக்கொள்ள முயலும்போது ஏற்படும் உயர்வுதான். ஹெபடைடிஸ் தீவிரமாகும்போது ஏ.எஃப்.பி. நூறைத் தாண்டி, வீக்கம் அடங்கியதும் தானே இறங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே ஏ.எஃப்.பி. உயர்ந்திருக்கும்போது கல்லீரல் வீக்கத்தைக் காட்டும் நொதிகளான ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. அளவுகளையும் அருகில் வைத்துப் பார்ப்பது அவசியம். மறுபக்கம், புற்றுநோய் இருந்தும் ஏ.எஃப்.பி. உயராமலே இருப்போர் கணிசமானவர்கள். இளம் வயதினருக்கு வரும் ஃபைப்ரோலாமெல்லர் வகையில் அது பெரும்பாலும் இயல்பான அளவிலேயே இருக்கும்.

இதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்ற எல்லையை வைத்தால், நோயுள்ள நூறு பேரில் ஏறத்தாழ அறுபது பேரை இப்பரிசோதனை பிடிக்கிறது. நோயில்லாத நூறு பேரில் ஏறத்தாழ பத்துப் பேரைத் தவறாகச் சந்தேகிக்கிறது. சிரோசிஸ் உள்ள ஆயிரம் பேரில் ஓராண்டில் இருபது பேருக்குப் புற்றுநோய் வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த இருபதில் பன்னிரண்டு பேருக்கு ஏ.எஃப்.பி. 20-ஐத் தாண்டியிருக்கும். நோயில்லாத 980 பேரில் 98 பேருக்கும் தாண்டியிருக்கும். ஆக, உயர்ந்த முடிவு பெற்ற 110 பேரில் உண்மையிலேயே நோயுள்ளவர்கள் பன்னிரண்டு பேர் மட்டுமே. இதே பரிசோதனையை எந்த ஆபத்தும் இல்லாத பொதுமக்களிடம் செய்தால், பிடிபடும் புற்றுநோய் ஒன்றிரண்டாகவும், வீணாகப் பதறும் மனிதர்கள் ஆயிரக்கணக்கிலும் இருப்பார்கள். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ஏ.எஃப்.பி.யைச் சேர்த்து விற்பதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். எல்லையை 200 என்று உயர்த்தினால் தவறான சந்தேகம் வெகுவாகக் குறையும். ஆனால் நோயுள்ளவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்குச் சற்று மேற்பட்டவர்களே பிடிபடுவார்கள். எந்த எல்லையை வைத்தாலும் ஒன்றைப் பெற இன்னொன்றை இழக்கவேண்டியிருக்கிறது.

அப்படியானால் இதனால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. தனித்து நின்றால் பயன் குறைவு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுடன் சேரும்போது பயன் கூடுகிறது. சிரோசிஸ் உள்ளவர்களிடம் ஆரம்பநிலைக் கட்டிகளை அல்ட்ராசவுண்ட் மட்டும் ஏறத்தாழ 45 விழுக்காடுதான் கண்டுபிடிக்கிறது என்றும், ஏ.எஃப்.பி.யையும் சேர்த்தால் அது 63 விழுக்காடாக உயர்கிறது என்றும், பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018-இல் வெளிவந்த பகுப்பாய்வு காட்டியது. உடல் பருமனானவர்களிலும், கொழுப்பு படிந்த கல்லீரலிலும் ஸ்கேன் படம் தெளிவாக இருப்பதில்லை என்பதால் இந்தக் கூடுதல் உதவி மேலும் முக்கியமாகிறது. சீனாவின் ஷாங்காய் நகரில் ஹெபடைடிஸ் பி தொற்றோ நாட்பட்ட கல்லீரல் அழற்சியோ கண்ட 18,816 பேரைக் கொண்டு நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவ்விரண்டு பரிசோதனைகளையும் செய்தவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் மரணங்கள் 37 விழுக்காடு குறைந்திருந்தன. அழைக்கப்பட்டவர்களில் பலர் எல்லா முறையும் வரவில்லை என்ற நிலையிலும் கிடைத்த பலன் அது.

ஆறு மாத இடைவெளிக்கும் காரணம் உண்டு. இக்கட்டிகளின் பருமன் இரட்டிப்பாகச் சராசரியாக நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகிறது. இடைவெளியை ஓராண்டாக்கினால், சென்றமுறை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கட்டி அறுவை சிகிச்சைக்கு ஏற்ற எல்லையைத் தாண்டிவிடக்கூடும்.

ஏ.எஃப்.பி.யைக் கண்காணிப்பில் சேர்க்கலாமா என்பதில் நிபுணர்களே வேறுபடுகிறார்கள். ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அல்ட்ராசவுண்டை மட்டும் முன்வைத்தது. அமெரிக்கக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2023-இல் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறது. எனக்கு இரண்டாவது கருத்தே சரியெனப் படுகிறது. ஆனால் ஒரு நிபந்தனையுடன்: ஏ.எஃப்.பி.யை ஒரே எல்லைக்கு மேலா கீழா என்று பார்க்காமல் தொடர்ச்சியாகப் பார்க்கவேண்டும். ஒருவருக்கு மூன்று ஆண்டுகளாக 35, 32, 38, 34 என்று அளவு நிற்கிறது. இன்னொருவருக்கு 4, 5, 9, 17 என்று ஏறுகிறது. எல்லையைத் தாண்டியிருப்பவர் முதலாமவர். எனக்குக் கவலை தருபவர் இரண்டாமவர். அவருடைய அறிக்கையில் 17-க்கு எதிரே எந்த எச்சரிக்கைக் குறியும் அச்சாகாமல் போகலாம் என்பதுதான் என் மனத்தை உறுத்துவது.

இந்தத் தொடர்ச்சியைப் பார்ப்பதற்கு ஆய்வகத்தின் உள்ளே நடக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்கவேண்டும். ஏ.எஃப்.பி. அளவைச் சில ஆய்வகங்கள் நானோகிராமிலும் சில பன்னாட்டு அலகிலும் தருகின்றன; ஓர் அலகு ஏறத்தாழ 1.2 நானோகிராமுக்குச் சமம். அலகு மாறியதைக் கவனிக்காமல் 20-இலிருந்து 24-ஆக உயர்ந்துவிட்டது என்று அஞ்சுவோர் உண்டு. ஒரே அலகாக இருந்தாலும் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஏ.எஃப்.பி.யைப் பற்றிப் பிடிக்க வெவ்வேறு எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) பயன்படுத்துவதால் முடிவுகள் சற்று வேறுபடும். ஆகவே இயன்றவரை ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இன்னொன்று, வெளியில் பலருக்குத் தெரியாதது. இந்தப் பரிசோதனையில் இரண்டு எதிர்ப்பொருள்கள் ஏ.எஃப்.பி. மூலக்கூற்றை இருபுறமும் பற்றிக்கொள்ளவேண்டும். அப்படிப் பற்றிய இணைப்புகளின் எண்ணிக்கையைத்தான் கருவி அளவாக மாற்றுகிறது. கட்டி மிகப் பெரிதாகி ரத்தத்தில் ஏ.எஃப்.பி. இலட்சக்கணக்கில் நிறைந்துவிட்டால், ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனித்தனி மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் ஒரே மூலக்கூற்றில் சேர்வது குறைந்துபோகிறது. விளைவாக, மிக உயர்ந்த அளவு கருவியின் திரையில் தாழ்வாகத் தெரியும். ஸ்கேனில் பெரிய கட்டி இருக்க, ஏ.எஃப்.பி. பொருந்தாத அளவுக்குக் குறைவாக இருந்தால், அதே ரத்தநீரைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம். நீர்த்ததும் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறினால் ஐயம் உறுதியாகிறது. இதைச் செய்ய ஆய்வகத்துக்கு ஸ்கேன் செய்தி தெரிந்திருக்கவேண்டும். பரிசோதனைச் சீட்டில் நோய் விவரம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பும் மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது, அந்த ஒரு வரியை எழுதுங்கள் என்பதுதான். அதேபோல, முடிக்கும் நகத்துக்கும் என்று மிகுந்த அளவில் பயோட்டின் மாத்திரை உட்கொள்வோருக்குச் சில கருவிகளில் முடிவு பொய்யாகக் குறைந்து வரும். அதை உட்கொள்கிறோம் என்று ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடவேண்டும்.

ஏ.எஃப்.பி.யின் குறையை ஈடுசெய்ய வந்தவை வேறு இரண்டு. முதலாவது, ஏ.எஃப்.பி.யின் ஒரு வடிவமான எல்3. புற்றுநோய்ச் செல் சுரக்கும் ஏ.எஃப்.பி.யில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருக்கும். மைசூர்ப் பருப்பிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு புரதம் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்வதால் அவ்வடிவத்தைத் தனியே அளக்க முடிகிறது. மொத்த ஏ.எஃப்.பி.யில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எல்3-ஆக இருந்தால், மொத்த அளவு சற்றே உயர்ந்திருந்தாலும் சந்தேகம் வலுக்கிறது.

இரண்டாவது டி.சி.பி. அல்லது பிவ்கா-2. ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரோத்ராம்பினைக் கல்லீரல் செய்யும்போது, கடைசிக் கட்டத்தில் வைட்டமின் கே-யின் துணையோடு அதன் பத்து இடங்களில் ஒரு வேதி மாற்றம் நிகழவேண்டும். புற்றுநோய்ச் செல்லில் அந்த வேலை அரைகுறையாக நின்றுவிட, செயல்படாத புரோத்ராம்பின் ரத்தத்தில் கலக்கிறது. 1984-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று இதைக் கல்லீரல் புற்றுநோயுடன் இணைத்தது. ஏ.எஃப்.பி. உயராத பலரிடம் இது உயர்கிறது. கட்டி, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள் ஊடுருவியிருக்குமோ என்ற ஐயத்தையும் இது எழுப்பும். ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவருக்கும், அடைப்பால் வந்த மஞ்சள் காமாலை உள்ளவருக்கும், வைட்டமின் கே குறைந்தவருக்கும் புற்றுநோய் இல்லாமலேயே இது உயரும். மருந்துப் பட்டியலைக் கேட்காமல் இந்த முடிவைப் படிப்பது ஆபத்தானது. ஜப்பானில் இந்த மூன்று குறிப்பான்களும் நெடுங்காலமாகக் கண்காணிப்பின் பகுதியாக இருக்கின்றன; ஆபத்து மிகுந்தவர்களுக்கு அங்கே மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறையே ஸ்கேன் செய்கிறார்கள்.

இம்மூன்றோடு பாலினத்தையும் வயதையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கும் கேலட் என்ற கணக்கை, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அது மிகச் சிறப்பாகச் செயல்பட்டது. நோய் வருவதற்கு முன்பே சேகரித்துவைத்த ரத்தத்தில் சோதித்தபோது அந்தச் சிறப்பு குறைந்தது. புதிய குறிப்பான் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்: பெரிய கட்டி உள்ளவரையும் முழு நலமானவரையும் பிரித்துக் காட்டுவது எளிது, சிரோசிஸ் உள்ள நூறு பேரில் ஒரு சென்டிமீட்டர் கட்டி உள்ள இருவரைப் பிரித்துக் காட்டுவதுதான் தேவை.

ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு புற்றுநோயைத் தேடும் திரவ பயாப்சி முறைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். செல் ஓயாமல் பெருகத் துணைசெய்யும் டெர்ட் மரபணுவின் தூண்டுபகுதியில் நிகழும் மாற்றமும், டி.என்.ஏ. மீது மெத்தில் குழுக்கள் ஒட்டும் முறையில் ஏற்படும் மாறுதல்களும் நம்பிக்கை தருகின்றன. சிறிய கட்டி ரத்தத்தில் சிந்தும் டி.என்.ஏ. மிகச் சொற்பம் என்பது அங்குள்ள இயற்கையான தடை. ஆனால் நோயின் காரணத்தைப் படிக்க இம்முறை உதவியிருக்கிறது. பூஞ்சை பிடித்த தானியத்தில் உருவாகும் அஃப்ளாடாக்ஸின் நஞ்சு, புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் 249-ஆம் இடத்தில் தன் தடத்தை விட்டுச்செல்கிறது என்று 1991-இல் கண்டறியப்பட்டது. அந்தத் தடத்தை ரத்தத்திலும் தேட முடிகிறது.

நோய் உறுதியான பிறகு இக்குறிப்பான்களின் பணி மாறுகிறது. உறுதிப்படுத்துவது இன்று பெரும்பாலும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தின் வேலை. சிரோசிஸ் உள்ளவரின் கட்டி, செலுத்திய சாயத்தை அது தமனி வழியே வந்து சேரும் கட்டத்தில் வேகமாக ஏற்று, பிறகு சுற்றியுள்ள கல்லீரலை விட விரைவாக இழந்தால், பல நேரங்களில் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சியே தேவைப்படுவதில்லை. திசு எடுக்கவேண்டி வந்தால் கிளைபிகன்-3 போன்ற புரதங்களைக் காட்டும் சாயப் பரிசோதனைகள் துணைசெய்கின்றன. ஏ.எஃப்.பி. மட்டும் உயர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்குவதில்லை.

சிகிச்சைக்குப் பிறகுதான் ஏ.எஃப்.பி.யின் மதிப்பு எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அறுவை சிகிச்சைக்கு முன் 400 இருந்தவருக்குக் கட்டி முழுவதும் நீங்கியிருந்தால், ஆறு வாரங்களுக்குள் அது பத்துக்குக் கீழே வந்துவிடவேண்டும். 60-இல் நின்றுவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று கருதித் தேடவேண்டும். ஆகவே சிகிச்சைக்கு முன் அளந்துவைப்பது கட்டாயம். அந்தத் தொடக்க அளவு இல்லாமல் பின்னால் வரும் எண்களை எதனோடும் ஒப்பிட முடியாது. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குத் தகுதியை முடிவுசெய்வதிலும் ஏ.எஃப்.பி.க்கு இடமுண்டு. கட்டியின் அளவு பொருந்தினாலும் ஏ.எஃப்.பி. 1,000-க்கு மேல் இருந்தால், சிகிச்சையால் அதை 500-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே அமெரிக்காவில் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமைப் புள்ளி தருகிறார்கள். அவ்வளவு உயர்ந்த நிலையில் மாற்றினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் குறிப்பான்கள் இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. ராமுசிருமாப் என்ற மருந்து, ஏ.எஃப்.பி. 400-ஓ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மட்டும் என 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில் சராசரி ஆயுள் 7.3 மாதத்திலிருந்து 8.5 மாதமாக நீண்டது. சிறிய பலன்தான், ஆனாலும் ஒரு குறிப்பானைக் கொண்டு நோயாளிகளைத் தேர்ந்து இந்நோயில் வெற்றி கண்ட முதல் மருந்து அது. 2020-க்குப் பிறகு முதல்நிலைச் சிகிச்சையாகிவிட்ட, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளால் யாருக்குப் பலன் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் நம்பகமான ரத்தப் பரிசோதனை இன்றுவரை கைக்கு வரவில்லை.

புற்றுநோய் தோன்றுவதற்கு முன்பே ஆபத்தைக் காட்டும் குறிப்பான்களை நாம் போதிய அளவு மதிப்பதில்லை. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981-இல் வெளியிட்ட ஆய்வில், ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜன் (வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் புரதம்) உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 223 மடங்கு இருந்தது. ரத்தத்தில் வைரஸின் அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பதை அதே தீவில் நடந்த வேறோர் ஆய்வு 2006-இல் நிறுவியது. 1984-இல் தைவான் தொடங்கிய பச்சிளங்குழந்தைத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளிடம் இந்நோயைக் குறைத்துக் காட்டியது. ஒரு வைரஸ் பரிசோதனையும் ஒரு தடுப்பூசியும் செய்யக்கூடியதை எந்தப் புதிய குறிப்பானும் இன்னும் செய்யவில்லை.

மருந்தால் ஹெபடைடிஸ் சி முழுமையாகக் குணமானவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. வைரஸ் நீங்குவதற்கு முன்பே சிரோசிஸ் வந்திருந்தால், புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர மறைந்துவிடாது. ஆறு மாதப் பரிசோதனை தொடரவேண்டும். சிரோசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மட்டுமே இக்கண்காணிப்பைப் பெறுகிறார் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வைரஸ் போனதும் கல்லீரல் வீக்கம் அடங்குவதால், முன்பு முப்பதுகளில் இருந்த ஏ.எஃப்.பி. நான்குக்கும் ஐந்துக்கும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு அவருடைய சொந்த அளவு அதுதான். அவருக்கு 11 என்று ஒரு முடிவு வந்தால், அச்சிட்ட எல்லை என்னவாக இருந்தாலும், பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் மறுபடி அளக்கவும் ஸ்கேன் எடுக்கவும் கேட்கவேண்டும்.